செவலையின் இரண்டு இரவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு நாய்க்குட்டியின் கேஸ். மூன்று மாத ஆண் குட்டி, சிப்பிப்பாறை இனம், எடை ஐந்தரை கிலோ. நிறத்தை வைத்தே செவலை என்று பேர் விட்டிருந்தார்கள். கல்லிடைக்குறிச்சியில் என் அண்ணன் வீட்டில் வளர்ந்து, பார்வோ வைரஸ் நோய் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் இறந்துபோனது. நோயைக் கண்டுபிடிப்பதில் பெரிய தாமதம் இல்லை. கொடுத்த மருந்துகள் சரியானவை. பார்த்த டாக்டர் திறமைசாலி, மனசுள்ளவர். செலவுக்கு அண்ணன் யோசிக்கவில்லை. இவ்வளவும் சரியாக இருந்தும் குட்டி ஏன் பிழைக்கவில்லை என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி பழகிப்போன உடம்பு. ஒரு நோயாளிக்கு என்ன மருந்து போட்டார்கள் என்று பார்க்கும்போதே, ராத்திரி பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் அவரை யார் பார்த்தார்கள் என்றும் தேடுவது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். செவலையின் கேஸையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். மருத்துவ விவரங்களைச் சிகிச்சை பார்த்த டாக்டரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

கையில் இருப்பவை: கிளினிக் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், அண்ணன் போனில் உள்ள அழைப்புப் பட்டியல், அப்புறம் அண்ணன் மகனின் ரஃப் நோட்டு. அவன் ஆறாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில், "ஏல, குட்டி எப்ப வாந்தி எடுக்கு, எப்ப வெளிக்குப் போகுதுன்னு மணி பாத்து எழுதி வைல" என்று சொல்லியிருந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்திருக்கிறான்: மணி, என்ன, எவ்வளவு. 'எவ்வளவு' என்ற கட்டத்தில் 'ஒரு கரண்டி', 'அரை டம்ளர்', 'துணி முழுக்க' என்று பென்சிலில் இருக்கிறது. அந்த இரண்டு ராத்திரிகளுக்கும் இருக்கிற ஒரே சார்ட் அதுதான்.

குட்டி வந்தபோது

வாங்கும்போது நாற்பத்தைந்து நாள் குட்டி. ஊசிப் புத்தகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "ஊசி போட்டாச்சு, இனி மூணு மாசத்துல போட்டாப் போதும்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் சிப்பிப்பாறையோ கன்னியோ ராஜபாளையமோ, எந்தக் குட்டி கைமாறினாலும் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது.

இதில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கிற சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்து சேர்கிறது. அது தெம்பாக இருக்கும்வரை நோய் அண்டாது. ஆனால் போடுகிற தடுப்பூசியையும் அது வேலை செய்யவிடாது. வாரம் போகப் போக அந்தச் சக்தி கரையும். ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்தில் கரையும், இன்னொன்றுக்குப் பதினான்காவது வாரம் வரை நிற்கும். நடுவில் சில நாட்கள், நோயைத் தடுக்கப் போதாமலும் ஊசியைக் கெடுக்கப் போதுமானதாகவும் மிச்சம் இருக்கும். குட்டிகள் பார்வோவிடம் மாட்டுவது பெரும்பாலும் அந்த நாட்களில். அதனால்தான் உலகச் சிறு பிராணி கால்நடை மருத்துவச் சங்கம், ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் நிறைகிறவரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறது. செவலைக்கு விழுந்தது முதல் ஊசி மட்டும். அடுத்ததற்கு 'மூன்று மாசம்' ஆகட்டும் என்று காத்திருந்த நேரத்தில் நோய் முந்திக்கொண்டது.

நோய் போன போக்கு

புதன்கிழமை ராத்திரி தயிர்ச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறது. வியாழன் காலையில் வெள்ளை நுரையாக வாந்தி. வயிற்றுச் சூடு என்று அம்மா மோர் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் வாந்தி மஞ்சளாக மாறியது. வெள்ளி விடியலில் ரத்தமாக வெளிக்குப் போனது. பார்வோவின் அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அண்ணன் உடனே காரை எடுத்து, திருநெல்வேலியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டார்.

கிளினிக்கில் பதிவானது: காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். ஈறு வெளுத்திருந்தது, விரலால் அழுத்தி எடுத்தால் ரத்தம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆனது. முதுகுத் தோலைத் தூக்கி விட்டால் தூக்கியபடியே நின்றது. உடம்பின் எடையில் பத்து சதவீதம் அளவுக்கு நீர் வற்றியிருந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார். மலத்தைத் தொட்டுப் பார்க்கிற பரிசோதனை அட்டையில் இரண்டு கோடும் தெளிவாக விழுந்தது. வெள்ளை அணுக்கள் 2,100. நாய்க்குக் குறைந்தது 6,000 இருக்க வேண்டும்.

1978-ல் பல நாடுகளில் தலைகாட்டி, ஓரிரு வருஷத்துக்குள் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் இது. உடம்பில் எங்கெல்லாம் புது செல்கள் வேகமாக உண்டாகின்றனவோ அங்கே போய் உட்காரும்: குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜை, நிணநீர் முடிச்சுகள். குடலின் உள்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி நூல்நூலாக இருக்கும். உணவையும் நீரையும் உறிஞ்சுவது அந்த நூல்கள்தான். வைரஸ் அவற்றின் வேரில் உள்ள செல்களைக் கொன்றுவிடுவதால் நூல்கள் உதிர்ந்து, சுவர் மொட்டையாகிவிடுகிறது. உள்ளே போன நீர் நிற்காது. ரத்தமும் புரதமும் குடலுக்குள் கசியும். குடலில் இருக்கிற பாக்டீரியா ரத்தத்துக்குள் ஏறும். அதை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களையும் மஜ்ஜையிலேயே வைரஸ் அழித்துவிட்டிருக்கும்.

இந்த வைரஸைக் கொல்ல வழக்கத்தில் உள்ள மருந்து எதுவும் நம் பக்கத்துக் கிளினிக்குகளில் கிடையாது. குடல் சுவர் மறுபடி வளரச் சில நாள் ஆகும். அந்த நாட்களைக் குட்டி உயிரோடு கடந்துவிட்டால் போதும், பிறகு அதுவாகவே தேறிவிடும். கடக்க வைப்பதற்குத் தேவை நீர், உப்பு, பொட்டாசியம், சர்க்கரை, கதகதப்பு, வாந்தியை நிறுத்தும் மருந்து, கிருமி ரத்தத்தில் பரவாமல் தடுக்கும் ஆன்டிபயாட்டிக், முடிந்தால் மூக்கு வழியாகச் சிறு குழாய் போட்டுத் துளித்துளியாக உணவு. சிகிச்சையே இல்லாமல் விட்டால் பத்துக்கு ஒன்பது குட்டிகள் போய்விடும். நல்ல கவனிப்பில் பத்துக்கு எட்டு, ஒன்பது பிழைக்கும். ஒரு நோயில் கவனிப்பு மட்டுமே இவ்வளவு வித்தியாசம் செய்வது அபூர்வம்.

வெள்ளி, சனி

வெள்ளிக்கிழமை காலை பத்தரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரை ட்ரிப்ஸ் ஓடியது. ஆர்.எல். என்ற உப்பு நீர் 350 மில்லி. வாந்திக்கு ஒண்டான்செட்ரான், கூடவே ஆன்டிபயாட்டிக்காக செஃப்ட்ரியாக்சோனும் மெட்ரோனிடசோலும். வாந்தி அடங்கிக் கண் திறந்து பார்த்தது. அப்புறம் முன்னங்கால் நரம்பில் போட்ட வென்ஃப்ளான் என்ற ஊசிக் குழாயை மூடிக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்: "ராத்திரி இங்க ஆள் கிடையாது. பூட்டிட்டுப் போற எடத்துல ட்ரிப்ஸ ஓட விட முடியாது. காலைல கொண்டாங்க, மொதக் கேஸா பாக்கேன்." அவர் சொன்னது நியாயம். ஆளில்லாத அறையில் குட்டி டியூபைக் கடித்துவிடும். ஊசி நகர்ந்து கால் வீங்கிவிடும். வேகம் கூடிப்போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அன்றைய ராத்திரி ரஃப் நோட்டில் இப்படி இருக்கிறது. 9.40, வாந்தி மஞ்சள், ஒரு கரண்டி. 11.20, ரத்தம், துணி முழுக்க. 2.05, ரத்தம், அரை டம்ளர். 4.30, வாந்தியும் ரத்தமும். இடையில் மதினி ஓ.ஆர்.எஸ். கரைத்து ஸ்பூனில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கொடுத்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை எடை 5.3 கிலோ. முந்தின நாள் 350 மில்லி உள்ளே ஏறியிருந்தும், வந்தபோது இருந்ததைவிட 200 கிராம் குறைவு. பகலில் ஏற்றியதெல்லாம் ராத்திரியோடு போய், அதற்கு மேலும் போயிருக்கிறது.

சனிக்கிழமை டாக்டர் இன்னும் முன்னதாகத் தொடங்கி 450 மில்லி ஏற்றினார். பொட்டாசியம் கலந்தார், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீர் சேர்த்தார். மத்தியானம் பார்த்த ரத்தச் சர்க்கரை 84, நல்ல அளவு. மூன்று மணிவாக்கில் அண்ணன் மகன் கூப்பிட்டதும் தலையைத் தூக்கி, வாலை இரண்டு தடவை தரையில் தட்டியிருக்கிறது. எல்லாருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்தது. அந்தத் தேறுதலை நான் பொய்யான தேறுதல் என்று நினைக்கவில்லை. கவனிப்பு நடந்த மணி நேரங்களில் அந்த உடம்பு ஒத்துழைத்திருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் முதுகுத் தோலுக்கடியிலும் கொஞ்சம் திரவம் போட்டுவிட்டார் டாக்டர். ராத்திரி தாங்க வேண்டுமே என்ற அக்கறையில் செய்தது. ஆனால் ரத்த ஓட்டம் சுருங்கிக் குளிர்ந்துபோன உடம்பில் தோலுக்கடியில் போட்ட திரவம் மெதுவாகத்தான் உறிஞ்சப்படும். அதில் சர்க்கரையை அதிகம் கலக்கவும் முடியாது.

சனி ராத்திரி. 8.15, வாந்தி. 9.50, ரத்தம். 11.10, ரத்தம், துணி முழுக்க. 12.40, 'நடுங்குது'. நோட்டில் அதற்கு மேல் எழுத்து இல்லை.

12.50-க்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நான் வார்டில் இருந்தேன். தாடை வெட்டி வெட்டி இழுக்கிறது, கால் நாலும் ஜில்லென்று இருக்கிறது என்றார். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று எனக்குப் பட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு; வீட்டில் மெஷின் இருக்கிறது. காது மடலின் உள்பக்கம் குத்தி ஒரு சொட்டு எடுக்கச் சொன்னேன். மெஷின் 31 காட்டியது. மனிதர்களுக்கான மெஷின் நாய் ரத்தத்தில் பொதுவாகக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். அதைக் கணக்கில் சேர்த்தாலும் 31 என்பது உயிருக்கு ஆபத்தான எண். குளுக்கோஸ் பொடியைக் குழைத்து ஈறிலும் நாக்குக்கு அடியிலும் தடவச் சொன்னேன். நினைவு தெளியாத குட்டிக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், அதனால் ஊற்றக் கூடாது. கம்பளியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் 46-க்கு ஏறியது. தாடை இழுப்பு நின்றது. அப்புறம் மறுபடியும் வாந்தி, மறுபடியும் ரத்தம்.

அந்த நேரத்தில் அதற்குத் தேவைப்பட்டது நரம்பு வழியாகச் சில மில்லி டெக்ஸ்ட்ரோஸ், பின்னாலேயே ஓடுகிற ட்ரிப்ஸ். செவலையின் காலில் வென்ஃப்ளான் இருந்தது, அடைப்பு இல்லாமல். என் வார்டில், கை நீட்டினால் எட்டுகிற எமர்ஜென்சி ட்ரேயில், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஆம்பூல் இருந்தது. விலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத மருந்து. நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ரோடு. அங்கே எல்லா மெடிக்கலும் அடைத்தாயிற்று.

அண்ணன் போனில் ஒரு மணியிலிருந்து வரிசையாக எண்கள் இருக்கின்றன. சில ஸ்விட்ச் ஆஃப், சில முழுக்க அடித்து ஓய்ந்தவை. 1.42-க்கு அதே கிளினிக் டாக்டரே எடுத்துவிட்டார். பகல் முழுக்க நின்று வேலை பார்த்து அசந்து தூங்கியவர், "கொண்டாங்க, நான் போய்த் தெறக்கேன்" என்றிருக்கிறார். இரண்டு மணி தாண்டிக் கிளம்பினார்கள். வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டிப் பத்தமடைக்குள் நுழையும்போது மதினி மடியில் மூச்சு நின்றுவிட்டது. கிருமி ரத்தத்தில் பரவிய அதிர்ச்சியும் சர்க்கரை வீழ்ச்சியும் சேர்ந்து என்பது டாக்டரின் கணிப்பு.

எண்ணிப் பார்த்தால்

ஐந்தரை கிலோ குட்டிக்குப் பத்து சதவீத வற்றல் என்றால் ஈடுகட்ட வேண்டிய நீர் 550 மில்லி. சும்மா இருக்கிற உடம்புக்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மில்லி தேவை, அது 330. வாந்தியிலும் பேதியிலும் போவதைக் குறைவாக வைத்தாலும் 200. ஆக முதல் 24 மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் தேவை. ஏறியது 350.

வேகத்தைக் கூட்டி ஆறு மணி நேரத்திலேயே ஒரு லிட்டரையும் ஏற்றிவிடலாமே என்று மதினி கேட்டார். முதல் அதிர்ச்சியைத் தெளிவிக்கக் கொஞ்சம் வேகமாக ஏற்றுவது உண்டு. மிச்சத்தை அப்படிச் செய்ய முடியாது. குடல் வழியாகப் புரதத்தை இழந்த ரத்தம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. வேகமாக ஏற்றினால் நுரையீரலிலும் வயிற்றிலும் கசியும். பொட்டாசியத்தை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சர்க்கரையும் அப்படித்தான். குட்டி உடம்பில் கொழுப்பும் தசையும் கொஞ்சம். சேமிப்பு என்று எதுவும் இல்லை. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, இறங்கினால் கூட்டி, ஏறினால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மத்தியானம் 84 இருந்தது, நள்ளிரவில் 31 ஆனது. எட்டு மணிக்கோ பத்து மணிக்கோ ஒருவர் அளந்திருந்தால் அந்த இறக்கம் பாதி வழியிலேயே தெரிந்திருக்கும்.

வெள்ளி காலை முதல் சனி நள்ளிரவு வரை கணக்குப் போட்டால், சிகிச்சையில் இருந்த நேரத்தைவிடச் சிகிச்சை இல்லாமல் கிடந்த நேரம் அதிகம். மனிதர்களின் வார்டில் ஒரு காலரா நோயாளியைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ட்ரிப்ஸைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பி, காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்வதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. மிருகங்களுக்கு அதுதான் நடைமுறையாகிவிட்டது. அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிவதில்லை.

வீட்டிலேயே வைத்துப் பார்த்துப் பிழைத்த குட்டிகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதையே சோதித்தது. நாற்பது நாய்கள். இருபதுக்கு முழு உள்நோயாளிச் சிகிச்சை, பதினெட்டு பிழைத்தன. மற்ற இருபதுக்கு, முதலில் நரம்பு வழியாகத் தெளிவித்துவிட்டு, அப்புறம் தோலுக்கடியில் திரவமும் ஊசி மருந்துகளும் மட்டும். அதிலும் பதினாறு பிழைத்தன. செலவு குறைந்த முறை இவ்வளவு தூரம் எட்டிப் பிடித்தது பெரிய விஷயம். ஆனால் அந்த இரண்டாவது இருபதும் ஆய்வு முடியும்வரை ஆஸ்பத்திரியிலேயேதான் இருந்தன. வீட்டில் செய்யக்கூடியதை மட்டும் செய்தார்கள். செய்தது பழகிய கைகள். சர்க்கரையையும் உப்பையும் தவறாமல் அளந்து, குறைந்தால் கொடுத்தார்கள். விலை உயர்ந்த கருவி இல்லாமல் சமாளிக்கலாம், பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லாமல் சமாளிக்க முடியாது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

ராத்திரியில் ஏன் ஆள் இல்லை

நம் பக்கத்தில் தனியார் கிளினிக் என்றால் பெரும்பாலும் ஒரு டாக்டர், ஒரு உதவியாளர். பகலில் நின்ற அதே இரண்டு பேர் ராத்திரியும் நிற்க முடியாது. பார்வோ கேஸைத் தங்க வைக்கத் தனி அறை வேண்டும், தனிக் காற்றோட்டம், தனிச் செருப்பு, தனித் துடைப்பம் வேண்டும். இல்லாவிட்டால் ஊசி போட வந்த அடுத்த குட்டிக்கு ஒட்டிவிடும். கிளினிக் நடத்துகிறவர்களைக் குறை சொல்லி இதற்கு வழி பிறக்காது.

அரசு அமைப்பு முழுக்க மாடு ஆடுகளைச் சுற்றி உருவானது. கிராமத்து மருந்தகம், அதற்கு மேல் மருத்துவமனை, பெருமருத்துவமனை, பன்முக மருத்துவமனை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. சனங்களின் பேச்சில் எல்லாமே மாட்டாஸ்பத்திரிதான். 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் வருகிற நடமாடும் மருத்துவ வண்டி வந்தது நல்ல முன்னேற்றம். அதுவும் முக்கியமாகக் கால்நடைகளுக்கானது. விவசாய பூமியில் இது இயல்பு, தேவையும்கூட. ஆனால் வீடுகள் மாறிவிட்டன. அம்பாசமுத்திரம் பக்கம் இன்று தெருவுக்கு நாலு வீட்டில் நாய் இருக்கிறது, பூனை இருக்கிறது.

ராத்திரியில் வருவது பார்வோ மட்டுமல்ல. வயலோர வீட்டில் கண்ணாடி விரியனிடம் கடிபடுகிற நாய்கள் பெரும்பாலும் இருட்டில்தான் கடிபடும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பிச் சுற்றிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். மண் தட்டில் சும்மா உட்கார்ந்து எழுவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று விட்டுவிடுகிறார்கள். குட்டி பாதியில் நின்றுபோன பிரசவமும் விடியும்வரை காத்திராது.

சென்னையில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் இரவு பகல் பாராமல் அவசரச் சிகிச்சை பார்க்கிறார்கள். பல வருஷமாக நடக்கிற ஏற்பாடு அது. நமக்கு அது அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். திருநெல்வேலிக்கும் 2012 முதல் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை வருஷப் படிப்பில் கடைசி வருஷம் முழுக்கப் பயிற்சி மருத்துவர்களாக இருக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. மனித மருத்துவத்தில் ராத்திரி வார்டுகளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அந்தப் பயிற்சி டாக்டர்களும் நாங்களும்தான். அதனால் இந்த மாவட்டத்தால் முடியாத காரியம் இது என்று எனக்குத் தோன்றவில்லை.

அதுவரைக்கும் வீட்டில்

பார்வோ குட்டியைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால், கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடம் சில விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தோலுக்கடியில் திரவம் போடக் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள். பொறுமையாகக் காட்டினால் வீட்டில் இருக்கும் ஒருவர் பழகிவிடலாம். சர்க்கரை மெஷின் கையில் இருக்கட்டும், 60-க்குக் கீழே போனால் என்ன செய்வது என்பதை எழுதியே வாங்குங்கள். ஈறு நிறம், காலின் சூடு, வாந்தி, பேதி நாலையும் மணி போட்டு எழுதுங்கள். மறுநாள் டாக்டருக்கு அந்தத் தாள் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். எதைப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்ப வேண்டும், கிளம்பினால் எங்கே போக வேண்டும் என்பதையும் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு எண் தேடுவது மகா கொடுமை.

இன்னொன்று. குட்டி போன பிறகும் வைரஸ் வீட்டில் இருக்கும். மண்ணிலும் தரை இடுக்கிலும் மாதக்கணக்கில், ஒரு வருஷம் வரைக்கும்கூடத் தாக்குப்பிடிக்கும். நம் வீடுகளில் எதற்கும் ஃபினாயில் ஊற்றுகிறோம். பார்வோவுக்கு ஃபினாயில் பலிக்காது. முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வீட்டு உபயோகத் திரவ ப்ளீச்சில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையில் பத்து நிமிஷம் நிற்க விட வேண்டும். படுத்திருந்த சாக்கையும் துணியையும் எரித்துவிடுவது நல்லது. மனிதர்களுக்கு இந்த நோய் ஒட்டாது, ஆனால் செருப்பில் ஏறி அடுத்த தெருக் குட்டிக்குப் போய்விடும். அண்ணன் வீட்டுப் பக்கத்தில் இருந்த மற்றக் குட்டிகளுக்கு அந்த வாரமே ஊசி போட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்த சிலர், "நாய்தான, இன்னொண்ணு வாங்கிக்கிடலாம்" என்று ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் மதினி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மடியில் உயிர் போனதைப் பார்த்தவருக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. வீட்டில் வளர்ந்த பிராணி செத்தால் அழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொன்னேன். அண்ணன் மகன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அத்தை, உங்க ஆஸ்பத்திரி மாதிரி ஒண்ணு குட்டிக்கு இருந்திருந்தா பொழைச்சிருக்குமா?" பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்று உள்ளதைச் சொன்னேன். அவன் நன்றாகப் பார்த்துக்கொண்டான் என்பதையும், அவன் எழுதிய தாளைப் பார்த்து டாக்டரே பாராட்டினார் என்பதையும் சொன்னேன்.

கேட்டிருப்பது

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் ஒரு மனு கொடுத்திருக்கிறோம். அண்ணன், அக்கம்பக்கத்தில் நாய் பூனை வளர்ப்பவர்கள், சிகிச்சை பார்த்த டாக்டர், நான் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கேட்டிருப்பது பெரிய கட்டடம் எதுவும் இல்லை. தொற்று நோய்க்கென்று ஒதுங்கிய ஒரு அறை, நாலு கூண்டு. முறை வைத்து ஒரு டாக்டர், ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர். ட்ரிப்ஸ் வேகத்தை அளந்து ஓட்டும் இன்ஃபியூஷன் பம்ப் இரண்டு, சர்க்கரை மெஷின், சூட்டு விளக்கு, டெக்ஸ்ட்ரோஸ், பொட்டாசியம். ராத்திரியில் எடுக்கப்படும் ஒரு போன் எண், அந்த எண் எழுதிய பலகை ஒவ்வொரு மாட்டாஸ்பத்திரி வாசலிலும். கட்டணம் வைக்கட்டும், கொடுக்க நாங்கள் தயார் என்றும் எழுதியிருக்கிறோம். எந்த இடத்தில் என்பதைத் துறை முடிவு செய்யட்டும்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று டாக்டரே தன் நண்பர்களான மற்ற டாக்டர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு ராத்திரி போன் எடுப்பது, கேஸ் கடுமையாக இருந்தால் யாராவது ஒருவர் கிளினிக்கைத் திறந்து வைப்பது என்பது யோசனை. உதவியாளராக ராத்திரி உட்காரும் பையனுக்கு முதல் சில மாதச் சம்பளத்தை அண்ணன் ஏற்றுக்கொண்டிருக்கிறார். ட்ரிப்ஸ் வேகம் எண்ணுவது, சர்க்கரை பார்ப்பது, சார்ட் எழுதுவது, விடியும்போது அடுத்தவரிடம் விவரம் சொல்லிப் பொறுப்பை ஒப்படைப்பது இதையெல்லாம் அந்தப் பையனுக்கு நான் சொல்லிக்கொடுப்பதாக இருக்கிறேன்.